ஏகமனதாக அறுபத்திரண்டு

நித்தியானந்தன் ஒருமுறைகூட அமெரிக்காவுக்குப் போனதில்லை. போக ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை. ஆனாலும் டோர்ட்மண்டில் அவரைத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் அவரை 'அமெரிக்கன்' என்றுதான் சொல்வார்கள். போன ஒக்டோபரில் அவர் இறந்தபோது வந்த மரண அறிவித்தலில் பிறந்த இடம், வாழ்ந்த இடம், மனைவி யோகம், சகோதரர்கள், மருமக்கள் எல்லாம் சரியாக இருந்தன. மனிதர் எதை நினைத்துக்கொண்டு வாழ்ந்தார் என்பது மட்டும் அதில் இல்லை. அறிவித்தல்களில் அதற்கு இடம் விடுவதில்லை.

எண்பத்தைந்தில் வந்தவர். பிராங்பேர்ட்டுக்குப் பக்கத்தில் ஓர் அகதி முகாமில், எட்டுப் பேர் ஒரே அறையில் கிடந்த நாட்களில், யாரோ விட்டுப்போன சின்ன வானொலிப் பெட்டி ஒன்று அவர் கைக்கு வந்தது. அதில் தெளிவாக இழுத்த நிலையம் ஒன்றே ஒன்று. ஜேர்மனியில் இருந்த அமெரிக்கப் படையினருக்காக அவர்களே நடத்திய வானொலி. மற்றவர்கள் சீட்டு விளையாடும்போது இவர் காதைப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு, வாசிங்டனில் எந்தச் சட்டமூலத்துக்கு யார் யார் எதிர்த்து வாக்களித்தார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பார். தன் கட்சி ஜனாதிபதிக்கு எதிராக ஒருவர் எழுந்து வாக்களித்துவிட்டு அடுத்த நாள் காலை வழக்கம்போல வேலைக்குப் போகிறார் என்பது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கிய இருபத்திமூன்று வயதுப் பையனுக்கு நம்ப முடியாத கதையாக இருந்தது.

"டேய், அவன் உயிரோடைதான் இருக்கிறானோ எண்டு நாளைக்கும் கேட்டுச் சொல்லு" என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து நக்கலடித்தவர் விமலநாதன். அந்தக் கட்டில் சினேகிதம் நாற்பது வருடம் நின்றது.

டோர்ட்மண்டுக்கு வந்தபின் நித்தியானந்தனுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, எண்ணி, பொதிகட்டி, கிருமிநீக்கத்துக்கு அனுப்பும் பிரிவு. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தாள். கத்தரிக்கோல் இத்தனை, இடுக்கி இத்தனை என்று எண்ணிப் பார்த்துக் கீழே கையெழுத்து வைக்க வேண்டும். இருபத்தாறு வருடம் அதே வேலை. அவசரப்படுத்தினால், "வயித்துக்குள்ளை ஒண்டை விட்டுத் தைச்சுப்போட்டா நீயோ வெட்டி எடுப்பாய்?" என்று கேட்பாராம். எண்ணாத தட்டுக்கு அவர் கையெழுத்துப் போட்டதாக அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஓய்வு எடுத்தபின் நகரத்தின் தமிழ் இணைய வானொலியில் வாரம் இருபது நிமிடம் கேட்டு வாங்கினார். 'அமெரிக்காவில் இந்த வாரம்.' புதன்கிழமை மாலையில் படுக்கையறை அலுமாரியைத் திறந்துவைத்து, தொங்கும் உடுப்புகளுக்கு நடுவே முகத்தை நீட்டிப் பேசிப் பதிவுசெய்வார். எதிரொலி வராது என்று யாரோ சொல்லிக்கொடுத்த உத்தி. பெரிய தலைவர்களைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. மாவட்டத் தேர்தல் அலுவலகங்களில் வாக்கு எண்ணுகிறவர்கள், எண்ணிக்கைக்குக் கீழே கையெழுத்து வைக்கிறவர்கள், மிரட்டல் கடிதம் வந்தபின் வேலையை விட்டுப் போனவர்கள், போகாதவர்கள். அவர்களைத்தான் சொந்தக்காரரைப்போலத் தேடித் தேடிச் சொல்வார். மரிக்கோப்பா என்ற அமெரிக்க மாவட்டத்தின் பெயரை டோர்ட்மண்ட் தமிழ்க் கடைகளில் பிரபலமாக்கியவரும் அவர்தான்.

"என்ன அமெரிக்கன், மரிக்கோப்பாவிலை மழையோ?" என்று கடைக்காரர் கேட்பார்.

"மழை இல்லை. திருப்பி எண்ணுகினம்."

"எண்ணி முடிச்சாப்பிறகு உந்த முருங்கைக்காயையும் ஒருக்கா எண்ணிச் சொல்லுங்கோ."

இதெல்லாம் பகிடியோடு போய்க்கொண்டிருந்தது, இரண்டாயிரத்து இருபத்தைந்து ஏப்ரல் வரைக்கும்.

தமிழ்ச் சங்கத்துக்கு விமலநாதன் தலைவர், நித்தியானந்தன் செயலாளர். இவர் பதினான்கு வருடமாகச் செயலாளர். அவர் இரண்டு தவணை தலைவர். அதற்குமேல் ஒருவர் தலைவராக இருக்க முடியாது என்று சங்கத்தின் யாப்பில், அதன் விதிகளில், இருந்தது. எழுதும்போது யாரும் யோசித்து எழுதியதல்ல. வேறொரு சங்கத்தின் யாப்பைப் பார்த்து எழுதினார்கள், அதில் இருந்தது, இதிலும் வந்துவிட்டது. ஆனால் விமலநாதனை விட்டால் ஆளில்லை என்பதும் உண்மை. நகரசபையோடு மல்லுக்கட்டி, மூடிக்கிடந்த ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தின் மண்டபத்தைச் சங்கத்துக்கு எடுத்துத் தந்தவர் அவர். சனிக்கிழமைகளில் நூற்றிநாற்பது பிள்ளைகள் அங்கேதான் தமிழ் படித்தார்கள். தற்காலிகமாகக் கிடைத்ததைப் பத்து வருட ஒப்பந்தமாக்க நகரசபை ஒத்துக்கொண்டிருந்தது. ஒரே நிபந்தனை: தவணை முடிந்த நிர்வாகத்தோடு ஒப்பந்தம் எழுத மாட்டார்கள். ஏப்ரல் முடிவதற்குள் புதிய நிர்வாகம், சங்கங்களைப் பதியும் நீதிமன்றப் பதிவில் ஏறியிருக்க வேண்டும்.

ஆகவே ஏப்ரல் முதல் ஞாயிறு பொதுக்கூட்டம். யாப்பை மாற்றி இரண்டு தவணை வரம்பை எடுத்துவிடுவது, பிறகு விமலநாதனையே மறுபடி தெரிவுசெய்வது. அதை எங்கள் ஆட்கள் எப்படிச் செய்வார்களோ அப்படியே செய்தார்கள். ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார், "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று மேடையிலிருந்து கேட்டார்கள், சபை கைதட்டியது. கரகோசம் ஓய்வதற்குள் அடுத்த விடயத்துக்குப் போனார்கள்.

கூட்டக் குறிப்பை நித்தியானந்தன் முதல் நாளே ஜேர்மன் மொழியில் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். போன வருடத்துத் தாளில் திகதியை மாற்றுவார், கூட்டம் முடிந்ததும் வரவுப் பட்டியலில் எத்தனை கையெழுத்தோ அந்த எண்ணைப் போடுவார், பக்கத்தில் 'ஏகமனதாக' என்று எழுதுவார். இந்தமுறை அறுபத்திரண்டு. யாப்பை மாற்ற நூற்றிப் பன்னிரண்டு அங்கத்தவர்களில் பாதிப்பேர், அதாவது ஐம்பத்தாறு பேர், வாக்களிக்க வேண்டும்; போட்ட வாக்கில் முக்கால்வாசி ஓம் என்று இருக்க வேண்டும். அறுபத்திரண்டு தாராளம். திங்கட்கிழமை கையெழுத்து வைத்து விமலநாதனிடம் கொடுத்துவிட்டார். வியாழன் காலை பத்து மணிக்கு, பத்திரங்களை அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு அலுவலகத்தில் விமலநாதனுக்கு டெர்மின், குறித்த நேரம். தாள் அங்கிருந்து நீதிமன்றத்துக்குப் போய்விடும்.

அமெரிக்க ஜனாதிபதி மூன்றாவது தவணையைப் பற்றிப் பேசியதும், அதைப் பகிடிக்குச் சொல்லவில்லை என்றதும் உலகமெல்லாம் செய்தியாக இருந்த நாட்கள் அவை. தேர்தலை நடத்தும் முறையையே ஒரு கையெழுத்தால் மாற்ற அவர் போட்ட ஆணைக்கு எதிராக மாநிலங்கள் நீதிமன்றம் போயிருந்தன. புதன்கிழமை மாலை அலுமாரிக்குள் தலையை விட்டபடி நித்தியானந்தன் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார். நாலு வருடத்துக்கு முந்திய தொலைபேசிக் கதையை ஏழாவதோ எட்டாவதோ தடவையாகச் சொன்னார். ஒரு மாநிலத்தின் தேர்தல் அதிகாரியைக் கூப்பிட்டு, பதினோராயிரத்து எழுநூற்று எண்பது வாக்கைத் தேடிப் பிடித்துத் தரச்சொன்ன கதை. "நேயர்களே, அந்த அதிகாரியும் அதே கட்சிதான். எண்ணினது எண்ணினதுதான் எண்டு சொல்லிப்போட்டார். ஒரு நாட்டின் சட்டம் எங்கை இருக்குது எண்டு என்னைக் கேட்டால், அப்படிப்பட்ட ஓர் அலுவலரின் பேனையிலை இருக்குது எண்டு சொல்லுவன்."

பதிவை நிறுத்திவிட்டுத் திரும்பினார். யோகம் கட்டிலில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த மனுசன் நல்ல மனுசன், என்ன?"

"பின்னை?"

"ஞாயிற்றுக்கிழமை எங்கடை கூட்டத்திலை எத்தினை வாக்கு?"

"அறுபத்திரண்டு. ஏகமனதாக."

"நான் அதுக்குள்ளை இருக்கிறனோ?"

"இல்லாமல்? உமக்கும் சேத்துத்தானே நான் வரவிலை கையெழுத்து வச்சனான்."

"நான் எப்ப கை தட்டினனான்?" யோகம் மடித்த சேலையைக் கட்டிலில் வைத்தார். "நான் குசினிக்குள்ளை வடை சுட்டுக்கொண்டு நிண்டனான். நீங்கள் அங்கை கை தட்டினது எனக்குக் கேக்கவுமில்லை. எண்ணெய்ச் சத்தந்தான் கேட்டது."

"எல்லா வருசமும் அப்பிடித்தானே, யோகம்."

"ஓம், எல்லா வருசமும் வடை சுட்டனாங்கள். ஒரு வருசமும் ஒருத்தரும் வந்து கேக்கேல்லை. நான் எழுத வேண்டாம் எண்டு மறிக்கேல்லை. எழுதுங்கோ. என்னைக் கழிச்சுப்போட்டு எழுதுங்கோ."

"உம்மை மட்டும் எப்பிடிக் கழிக்கிறது?"

"அப்ப மற்றப் பொம்பிளையளையும் கழியுங்கோ. கிருசாந்தி, தக்சாயினி எல்லாரும் என்னோடைதான் நிண்டவை. இருபத்திநாலு பேர். வடை ஆளுக்கு ரெண்டு வச்சு நாங்களே திண்டதாலை எனக்குக் கணக்குத் தெரியும்."

அறுபத்திரண்டில் இருபத்திநாலு போனால் முப்பத்தெட்டு. ஐம்பத்தாறு வேண்டும். அன்று இரவு நித்தியானந்தன் சாப்பாட்டுக்கு வரவில்லை. அந்தப் பதிவை மறுபடி போட்டுக் கேட்க முயன்று, பேனை என்ற இடம் வருவதற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டாராம்.

வியாழன் காலை பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் நொத்தாரிசு அலுவலகத்தின் படிகளில் ஏறினார். விமலநாதன் நல்ல கோட்டுப் போட்டு, பத்திரக் கோப்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வரவேற்பறையில் இருந்தார்.

"வா மச்சான். நீயும் வந்தது நல்லதாப் போச்சு."

"அந்தக் கூட்டக் குறிப்பை ஒருக்காத் தா."

"ஏன், பிழையோ? பேனை இந்தா, திருத்து."

"திருத்தேலாது. எண்ணிக்கை பிழை. முப்பத்தெட்டுப் பேர்தான் மண்டபத்துக்குள்ளை இருந்தது. மற்றவை குசினிக்குள்ளை."

விமலநாதன் கோப்பின் மேல் கையை வைத்தார். "பதினாலு வருசமா இப்பிடித்தானே எழுதினனி? இண்டைக்கென்ன, வாசிங்டனிலை இருந்து ஆரும் போன் எடுத்தவையோ?"

"பதினாலு வருசமும் பிழைதான். ஆனா இந்தமுறை யாப்பை மாத்துறம்."

"நான் ஆர்ரா, ஜனாதிபதியோ? றோட்டிலை ஆமியை இறக்கப்போறனோ? கதிரை அடுக்கிறதும் நான், கூட்டம் முடியக் கக்கூஸ் கழுவுறதும் நான். ஆசைப்பட்டோ இருக்கிறன்? வேறை ஆர் வாறாங்கள், சொல்லு பாப்பம்."

"ஒருத்தரும் வரமாட்டினம். கேட்டா எல்லாரும் உனக்குத்தான் ஓம் எண்டுவினம். கேட்டுப்போட்டு எழுதுவம்."

"என்ன சொல்லுவினம் எண்டு தெரிஞ்சா பேந்து ஏன் கேக்கிறது?"

வானொலியில் எத்தனையோ வாரம் பேசிய மனிதர் வரவேற்பறைச் சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார்.

"புதுசா அறிவித்தல் குடுத்துக் கூட்டம் வைக்க நாலு கிழமை வேணும்" என்றார் விமலநாதன். இப்போது குரல் இறங்கியிருந்தது. "ஹோல் போயிடும் நித்தி. நூற்றிநாப்பது பிள்ளையள்."

"தெரியும்."

"தெரிஞ்சோ நிக்கிறாய்?"

நித்தியானந்தன் கையை மட்டும் நீட்டினார். விமலநாதன் கோப்பிலிருந்து தாளை உருவிக் கொடுத்தார். "நான் கிழிக்க மாட்டன். நீயே கிழி."

கிழித்தார். கிழித்த துண்டுகளை எங்கே போடுவதென்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் திணித்தார். உள்ளேயிருந்து அலுவலகப் பெண் விமலநாதனின் பெயரைக் கூப்பிட்டாள். அவர் எழுந்துபோய், ஒரு பத்திரம் குறைகிறது, மன்னிக்க வேண்டும் என்று நல்ல ஜேர்மனில் சொல்லிவிட்டு, இவரைத் தாண்டிப் படி இறங்கினார்.

மே மாதத்தின் முதல் வாரத்தில் நகரசபையின் கடிதம் வந்தது. மண்டபத்தை ஒரு நடனக் கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். தமிழ்ப் பள்ளி மூன்று துண்டாகியது. சின்ன வகுப்புகள் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில், நடு வகுப்புகள் நகரத்தின் மறுகோடியில், பெரிய வகுப்புகளுக்கு இடமே இல்லை. இரண்டு பிள்ளைகளை இரண்டு இடத்துக்கு ஏற்றி இறக்கும் பெற்றோர் நித்தியானந்தனைக் கண்டால் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்கள். கடையில் மரிக்கோப்பாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வானொலியை நடத்தும் சுகிர்தன் தொலைபேசியில் கூப்பிட்டு நீளமாக இழுத்தார்.

"அண்ணை, ஆக்கள் கண்டபடி எழுதுகினம். முதல்லை ஹோலைத் தேடித் தா, பேந்து அமெரிக்காவைத் திருத்து எண்டு. கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டி வைப்பமோ?"

"ஓம் தம்பி. வைப்பம்."

இரண்டாவது கூட்டம் மே மாத நடுவில், அதே தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில். சமையல் இல்லை என்று அறிவித்தலிலேயே எழுதியிருந்தார். ஐம்பத்தாறு பேர் வருவார்களோ என்று அவருக்குப் பயம். வந்தார்கள், ஐம்பத்தெட்டுப் பேர். கோபம்தான் அவர்களைக் கொண்டுவந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்றில்லாமல், இடம் போதாமல் கலந்து இருந்தார்கள். நித்தியானந்தனும் யோகமும் வீட்டில் வெட்டிக்கொண்டுவந்த வாக்குச் சீட்டுகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். வரம்பை எடுத்து விமலநாதனே தலைவராகத் தொடரலாமா என்பதற்கு ஓம் அல்லது இல்லை என்று எழுத வேண்டும். ஒரு சப்பாத்துப் பெட்டியில் துவாரம். "எங்கடை ஆக்களுக்கு உதுதான் குறைச்சல்" என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிப்பில் நல்லெண்ணம் இருக்கவில்லை.

எண்ணும்போது யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அவர் ஒவ்வொரு சீட்டாக விரித்து, இரண்டு பக்கமும் தெரிய உயர்த்திக்காட்டி, வாசித்தார். ஓம். ஓம். ஓம். தன்மேல் கோபமாக இருக்கும் ஐம்பது பேருக்கு முன்னால் நின்று அவர்கள் சொன்னதையே அவர்களுக்கு வாசித்துக் காட்டுவது எத்தகைய வேலை என்று அவர் முகத்தில் தெரிந்தது. ஏழாவது சீட்டில் 'இல்லை' என்று இருந்தது. கதிரைகள் அசையும் சத்தம் கேட்டது. பன்னிரண்டாவதிலும் இல்லை. கடைசியில் நாற்பத்தைந்து ஓம், பதினொரு இல்லை, இரண்டு வெற்றுச் சீட்டு. முக்கால்வாசி போதும், அதற்கு மேலேயே வந்தது. யாப்பு மாறிவிட்டது. விமலநாதன் வென்றுவிட்டார்.

யாரும் கை தட்டவில்லை.

விமலநாதன் முன்வரிசையிலிருந்து எழுந்தார். "ஆர் அந்தப் பதினொரு பேர்?" என்று சபையைப் பார்த்துக் கேட்டார். மிரட்டலாக அல்ல. வீட்டில் தெரியாத ஆட்கள் நிற்பதைக் கண்டவர்போலக் கேட்டார். "முந்தி ஒருத்தரும் எதிர்ப்பில்லையே. இவை இப்ப எங்காலை வந்தவை?"

"முந்தியும் இருந்திருப்பினம்" என்றார் நித்தியானந்தன். "நாங்கள் எண்ணேல்லை."

கலைந்து போகும் கூட்டத்துக்கு நடுவே விமலநாதன் அவருடைய மேசைக்கு வந்தார்.

"வெண்டாச்சுத்தானே. ஏகமனதாக எண்டே எழுதிவிடு. பதினொண்டைப் பாத்தா ஜேர்மன்காரன் சங்கத்துக்குள்ளை ஏதோ சண்டை எண்டு நினைப்பான்."

நித்தியானந்தன் நாற்பத்தைந்து, பதினொன்று, இரண்டு என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தாளை அவர் பக்கம் திருப்பினார். விமலநாதன் நின்றபடியே கீழே கையெழுத்துப் போட்டார். பேனை அழுந்தித் தாளின் மறுபக்கம் புடைத்தது.

எந்தக் கூட்டத்துக்கும் இரண்டு குடும்பமும் விமலநாதனின் காரில் வந்து காரில் போவதுதான் வழக்கம். அன்று வரும்போதும் அப்படியே, ஒருவரோடொருவர் பேசாமல், வந்திருந்தார்கள். வாகனத் தரிப்பிடத்தில் விமலநாதன் கார்க் கதவைத் திறந்துபிடித்தபடி கேட்டார்:

"நீ எதிலை போட்டனி?"

"அதைச் சொல்லேலாது மச்சான்."

"ஏலாதோ, மாட்டியோ?"

நித்தியானந்தன் சப்பாத்துப் பெட்டியை மறுகைக்கு மாற்றினார். விமலநாதன் ஏறி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். பின்சீட்டில் இருந்த இவர்களுடைய குடை காரோடு போய்விட்டது.

ட்ராமில் கூட்டம் இல்லை. சப்பாத்துப் பெட்டி நித்தியானந்தனின் மடியில் இருந்தது. யாராவது ஆட்சேபித்தால் காட்டுவதற்காகச் சீட்டுகளை ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். இரண்டு தரிப்பு போனபின் யோகம் சொன்னார்:

"நான் ஓம் எண்டுதான் போட்டனான்."

அவர் திரும்பிப் பார்த்தார். "விமலுக்கோ?"

"பின்னை ஆருக்கு? ஹோல் எடுத்துத் தந்த மனுசன்."

"அப்ப பின்னையேன் என்னைக் கிழிக்க வச்சனீர்?"

"நான் எப்ப கிழிக்கச் சொன்னனான்? என்னைக் கழிக்கத்தானே சொன்னனான்." பிறகு, "நீங்கள்?" என்றார்.

வீட்டுத் தரிப்பு வருவதற்குள் அவர் சொன்னார். "இல்லை எண்டு போட்டனான். விமலிட்டைச் சொல்லிப்போடாதையும்."

"அவருக்குத் தெரியும்" என்றார் யோகம். "தெரிஞ்சபடியாத்தான் ஏத்தாமல் போனவர்."

அதற்குப் பிறகு நித்தியானந்தன் இறக்கும்வரை ஐந்து மாதம் இருந்தது. விமலநாதன் ஒருநாளும் தொலைபேசி எடுக்கவில்லை. நித்தியானந்தனும் எடுக்கவில்லை.